லியோன் முதல் ஸ்ட்ரெதம் வரை: தானியங்கித் தறிக்குப் பெயர் தந்த ஜக்காரின் வாழ்க்கை

தெற்கு லண்டனின் ஸ்ட்ரெதம் பகுதியில், பொதுத் திடலுக்கு அருகே உள்ள செயின்ஸ்பரி பல்பொருள் அங்காடி வளாகத்துக்குள் பழைய செங்கல் கட்டடம் ஒன்று பாதுகாக்கப்பட்டு வருகிறது. 1820 ஆம் ஆண்டளவில் பட்டு ஆலையாக எழுப்பப்பட்ட கட்டடம் அது. பிரிட்டனில் ஜக்கார் தறிகளைக் கொண்டு நெசவு செய்யப்பட்ட முதல் இடங்களில் ஒன்றாக அது கருதப்படுகிறது.

தமிழ்நாட்டின் காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் நெசவாளர்கள் தறியின் மேல் அமர்ந்திருக்கும் சாதனத்தை ஜக்கார்டு பெட்டி என்று அழைக்கிறார்கள். பிரான்ஸின் லியோன் நகரில் பிறந்து, 1834 இல் மறைந்த ஜோசப் மரி ஜக்கார் என்பவரின் பெயர்தான் அது.

துளையிட்ட அட்டைகளின் கட்டளைப்படி, மனிதக் கையின் உதவியின்றி, சிக்கலான வேலை ஒன்றைத் திரும்பத் திரும்பப் பிழையின்றிச் செய்யும் இயந்திரத்தைத் தொழில்துறையில் பரவலாக நிலைநிறுத்தியவர் அவர். இன்று ஆலைகளில் இயங்கும் ரோபோக்களின் முன்னோர் வரிசையில் தொழில்நுட்ப வரலாற்றாசிரியர்கள் அவரது தறிக்கு முக்கிய இடம் தருகின்றனர்.

தானியங்கி இயந்திரங்கள் ஒரு நாட்டில் விரைவாகவும் மற்றொரு நாட்டில் தாமதமாகவும் பரவுவது ஏன், அவற்றின் பலன் யாருக்குப் போய்ச் சேருகிறது என்ற கேள்விகள் ரோபோக்களைப் பற்றி இன்று எழுகின்றன. அதே கேள்விகள் ஜக்காரின் காலத்திலேயே, அவரது தறியைச் சுற்றியே எழுந்தன.

நெசவாளரின் மகன்

ஜோசப் மரி ஜக்கார் 1752 ஜூலை 7 ஆம் தேதி லியோனில் பிறந்தார். குடும்பத்தின் உண்மையான பெயர் சார்ல். அதே பெயருடைய பல கிளைகளை வேறுபடுத்திக் காட்ட ஊரார் வைத்த அடைபெயரே ஜக்கார். காலப்போக்கில் அடைபெயர் நிலைத்து, உண்மைப் பெயர் மறைந்துவிட்டது.

தந்தை சரிகை வேலைப்பாடு கொண்ட பட்டுத் துணிகளை நெய்த தலைமை நெசவாளர். தாய், காகிதத்தில் வரைந்த வடிவத்தைத் தறிக்கான கயிற்று முடிச்சுகளாக மாற்றும் வேலையைச் செய்தவர். பிறந்த 9 குழந்தைகளில் ஜோசப்பும் ஒரு சகோதரியும் மட்டுமே வளர்ந்து ஆளானார்கள்.

அக்கால நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளில் பலரைப் போலவே அவரும் பள்ளிக்கு அனுப்பப்படவில்லை. ஏறத்தாழ 13 வயது வரை அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அச்சகமும் புத்தகக் கடையும் நடத்திவந்த அவரது சகோதரியின் கணவரே பின்னர் அவருக்கு எழுத்தறிவு அளித்தார்.

தாய் 1762 இலும் தந்தை 1772 இலும் காலமாயினர். தந்தையின் தறிகள், வீடு, ஒரு திராட்சைத் தோட்டம், ஒரு கல் குவாரி ஆகியவற்றின் பங்கு ஜக்காருக்கு வந்து சேர்ந்தது. 1778 இல் கிளோதீன் புவாஷோன் என்ற விதவையை மணந்தார். மறு ஆண்டு மகன் பிறந்தான்.

சொத்தை நிர்வகிக்கும் திறமை அவரிடம் இருந்ததாகத் தெரியவில்லை. கடன்கள் பெருகின. தறிகளும் நிலமும் ஒன்றன்பின் ஒன்றாகக் கைமாறின. நெசவு ஊரில் பிறந்தும் நெசவை நம்பி வாழ முடியாத நிலை அவருக்கு ஏற்பட்டது.

புரட்சியும் இழப்பும்

1789 இல் வெடித்த பிரெஞ்சுப் புரட்சி, அரச குடும்பத்தையும் பிரபுக்களையும் நம்பியிருந்த லியோன் பட்டுத் தொழிலை நிலைகுலையச் செய்தது. 1793 இல் அந்நகரம் பாரிஸின் புரட்சி அரசுக்கு எதிராகக் கிளம்பியபோது, நகரைப் பாதுகாத்தவர்களின் அணியில் ஜக்காரும் இருந்தார். நகரம் வீழ்ந்தது. கடுமையான பழிவாங்கல் தொடர்ந்தது.

ஜக்கார் தன் மகனுடன் தப்பியோடினார். இருவரும் வேறு பெயர்களில், தாங்கள் எதிர்த்துப் போரிட்ட அதே அரசின் படையில் சேர்ந்தனர். போர்க்களம் ஒன்றில் மகன் கொல்லப்பட்டான். மகனை இழந்த தந்தை 1790களின் இறுதியில் லியோனுக்குத் திரும்பினார்.

அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 46. கையில் பணமும் இல்லை, சொந்தத் தறியும் இல்லை. இன்று உலகம் அறிந்த ஜக்காரின் வேலைகள் அனைத்தும் இதற்குப் பிந்தியவை.

கயிறு இழுத்த சிறுவர்கள்

அவர் தீர்க்க முனைந்த சிக்கலைப் புரிந்துகொள்ளப் பழைய வேலைப்பாட்டுத் தறி இயங்கிய விதத்தை அறிவது அவசியம்.

சாதாரணத் துணியில் பாவு நூல்கள் ஒன்றுவிட்டு ஒன்று மேலே எழும்ப, அவற்றின் ஊடே நாடா ஊடை நூலைக் கொண்டு செல்கிறது. பூவோ பறவையோ துணியில் தோன்ற வேண்டுமானால், ஒவ்வொரு ஊடைக்கும் எந்தெந்தப் பாவு நூல்கள் எழும்ப வேண்டும் என்பது மாறிக்கொண்டே இருக்கும். ஆயிரக்கணக்கான நூல்களில் உரியவற்றை மட்டும் அந்தந்த நொடியில் தூக்கிப்பிடிக்க இரண்டாவது ஆள் தேவைப்பட்டார்.

அந்த இரண்டாவது ஆள் பெரும்பாலும் சிறுவராகவோ சிறுமியாகவோ இருந்தார். நூல்களுடன் பிணைக்கப்பட்ட கயிறுகளில் ஈய எடைகள் தொங்கின. நெசவாளர் குரல் கொடுக்கும்போது உரிய கயிற்றுக் கற்றையை இழுத்துப் பிடித்து நிற்பது அவர்களின் வேலை. நாள் முழுவதும் தொடர்ந்த இந்த உழைப்பினால் பிள்ளைகளின் உடல் வளைந்து போனது. சிறுவயதில் ஜக்காரும் இந்த வேலையைச் செய்தார் என்றும், தாங்க முடியாமல் விலகினார் என்றும் கூறப்படுகிறது.

இந்த வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்கும் முயற்சி ஜக்காருக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1725 இல் பசில் பூஷோன் என்ற லியோன்காரர் துளையிட்ட காகிதச் சுருளைப் பயன்படுத்தினார். சில ஆண்டுகளில் ழான் பத்தீஸ்த் ஃபால்கோன் காகிதத்துக்குப் பதிலாக ஒன்றோடொன்று கோர்க்கப்பட்ட அட்டைகளைக் கொண்டுவந்தார். ஆனால் இரண்டிலும் உதவியாளர் ஒருவர் நிற்க வேண்டியிருந்தது.

1745 இல் ழாக் தெ வோக்கான்சோன் உதவியாளரே தேவைப்படாத தறியை வடிவமைத்தார். புல்லாங்குழல் வாசிக்கும் இயந்திர மனிதனையும், தீனி தின்பதுபோல் தோன்றிய இயந்திர வாத்தையும் 1730களின் இறுதியில் பாரிஸில் காட்சிக்கு வைத்து ஐரோப்பாவை வியக்க வைத்தவர் அவரே. மனித உருவில் இயந்திரம் செய்தவரும், உருவமே இல்லாமல் மனித வேலையைச் செய்யும் இயந்திரம் செய்தவரும் ஒருவரே என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. ஆனால் அவரது தறி நடைமுறையில் எடுபடாமல் கிடங்கில் முடங்கியது.

பாரிஸ் அழைப்பு

ஜக்கார் 1801 இல் தனது முதல் தறியைப் பாரிஸில் நடந்த தொழிற்பொருட்காட்சியில் வைத்து வெண்கலப் பதக்கம் பெற்றார். அடுத்து மீன்பிடி வலை பின்னும் இயந்திரம் ஒன்றில் ஈடுபட்டார். அதுவே அவரை 1803 அளவில் பாரிஸின் கலைத் தொழில் காப்பகத்துக்குக் கொண்டு சேர்த்தது. வோக்கான்சோனின் கைவிடப்பட்ட தறி அங்கேதான் இருந்தது.

ஃபால்கோனின் அட்டைச் சங்கிலியையும், தறியின் உச்சியில் சாதனத்தைப் பொருத்தும் வோக்கான்சோனின் முறையையும் ஜக்கார் ஒன்றிணைத்தார். 1804 இல் லியோன் திரும்பிய அவர் தன் சாதனத்தை வடிவமைத்து முடித்தார்.

அதன் செயல்முறை எளிமையானது. ஒவ்வொரு ஊடைக்கும் ஓர் அட்டை. அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே செல்லும், அந்த ஊசியுடன் இணைந்த கொக்கி தன் பாவு நூலைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் ஊசி தள்ளப்படும், நூல் கீழேயே இருக்கும். நெசவாளர் மிதியை அழுத்தும்போது நான்கு பக்க உருளை ஒருமுறை திரும்பி அடுத்த அட்டையைக் கொண்டுவரும்.

ஆக, வடிவம் பற்றிய அறிவு அட்டைக்குப் போனது. அட்டைக் கட்டை மாற்றினால் அதே தறி வேறொரு துணியை நெய்யும். இயந்திரத்தை மாற்றாமல் அதன் வேலையை மட்டும் மாற்றலாம் என்ற இந்தக் கோட்பாடே இன்றைய கணினிக்கும் ரோபோவுக்கும் அடிப்படை.

நெப்போலியனின் ஆணை

1805 ஏப்ரலில் நெப்போலியனும் அரசி ஜோசபீனும் லியோனுக்கு வந்தனர். புரட்சியில் நலிந்த பட்டுத் தொழிலை மீட்பது நெப்போலியனின் பொருளாதாரக் கொள்கையில் முக்கிய இடம் பெற்றிருந்தது. பிரிட்டனுடன் நடந்த போரின் மறுபக்கமாகவே அவர் தொழில் போட்டியைக் கண்டார்.

ஜக்காரின் சாதனம் மீதான உரிமை லியோன் நகரத்துக்கு அளிக்கப்பட்டது. யார் வேண்டுமானாலும் அதைச் செய்து பயன்படுத்தலாம் என்ற நிலை உருவானது. ஈடாக ஜக்காருக்கு ஆண்டுக்கு 3,000 ஃபிராங்க் வாழ்நாள் ஓய்வூதியமும், குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கு விற்பனையாகும் ஒவ்வொரு தறிக்கும் 50 ஃபிராங்க் தொகையும் வழங்கப்பட்டன.

கண்டுபிடிப்பாளருக்கு உரிமை வழங்கி அவரே விலை வைக்கட்டும் என்று விடுவதற்குப் பதிலாக, அரசே உரிமையை வாங்கிப் பொதுவில் விட்ட ஏற்பாடு இது. லியோனில் தறிகள் பரவியதற்கு இந்த ஏற்பாடு வழிசெய்தது.

எனினும் உடனடி வெற்றி கிடைக்கவில்லை. ஆரம்பகாலச் சாதனங்கள் அடிக்கடி பழுதடைந்தன. ழான் அந்துவான் பிரெத்தோன் என்ற இயந்திரப் பொறியாளர் அட்டைகளை நகர்த்தும் பொறியமைப்பைச் சீர்படுத்திய பின்னர், 1815 ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்தே தறிகள் நம்பகமாக இயங்கத் தொடங்கின. பெயர் ஜக்காருக்கு நிலைத்தாலும், அவருக்கு முன்னும் பின்னும் வந்த பலரின் உழைப்பு அதில் அடங்கியுள்ளது.

எதிர்ப்புகள்

புதிய தறி வந்தால் கயிறு இழுப்பவர்களின் வேலை போய்விடும் என்பது வெளிப்படையாகத் தெரிந்தது. லியோனில் கடும் எதிர்ப்பு எழுந்ததாகவும், தறி ஒன்று பொது இடத்தில் எரிக்கப்பட்டதாகவும், ஜக்காரை ரோன் நதியில் தள்ள முயன்றதாகவும் பிற்காலக் கதைகள் கூறுகின்றன. இவற்றில் எவ்வளவு உண்மை, எவ்வளவு புனைவு என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது.

ஆனால் அச்சம் கற்பனையானது அல்ல. அதே காலகட்டத்தில், 1811 முதல் இங்கிலாந்தின் நடுப்பகுதி மாவட்டங்களில் பின்னல் தறிகளை உடைக்கும் இயக்கம் வெடித்தது. 1812 இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தறி உடைப்புக்கு மரண தண்டனை விதிக்கும் சட்டத்தையே நிறைவேற்றியது.

லியோனில் கயிறு இழுத்த பிள்ளைகள் அந்தத் துன்பத்திலிருந்து விடுபட்டனர். ஆனால் ஏழைக் குடும்பங்களுக்கு அது இருந்த வருமானத்தின் இழப்பாகவும் அமைந்தது. தானியங்கி இயந்திரங்கள் பற்றிய விவாதத்தில் இன்றுவரை பிரிக்க முடியாமல் பின்னிக்கிடக்கும் இரண்டு உண்மைகள் இவை.

ஸ்ட்ரெதமுக்கு வந்த தறி

பிரிட்டனின் பட்டு நெசவு லண்டனின் கிழக்கே ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் குவிந்திருந்தது. 17 ஆம் நூற்றாண்டில் பிரான்ஸிலிருந்து மத அடக்குமுறைக்குத் தப்பி வந்த புராட்டஸ்டண்ட் அகதிகள் அத்தொழிலை அங்கு வளர்த்தனர். 1766 முதல் வெளிநாட்டுப் பட்டுத் துணிகளின் இறக்குமதி தடைசெய்யப்பட்டிருந்தது. 1773 இல் தொடங்கி இயற்றப்பட்ட ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் சட்டங்களின்படி நெசவாளர்களின் கூலியை நீதிபதிகள் நிர்ணயித்தனர்.

இந்த இரட்டைப் பாதுகாப்பு நெசவாளர்களுக்கு ஓரளவு நிலையான வாழ்க்கையைத் தந்தது. மறுபுறம், புதிய இயந்திரத்தைக் கொண்டுவந்தாலும் கூலிச் செலவு குறையாது என்பதால் முதலாளிகளுக்கு அதில் ஆர்வம் ஏற்படவில்லை என்று சட்டங்களின் எதிர்ப்பாளர்கள் வாதிட்டனர்.

அந்த எதிர்ப்பாளர்களில் ஒருவர் லண்டன் பட்டு உற்பத்தியாளர் ஸ்டீபன் வில்சன். லீ வில்சன் நிறுவனத்தின் பங்குதாரரான அவர், நெப்போலியப் போர்கள் முடிந்தபின் ஆள் அனுப்பி ஜக்கார் சாதனத்தின் இரகசியத்தை அறிந்துகொண்டார். 1820-21 காலப்பகுதியில் பிரிட்டனில் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸிலிருந்து மைல்கள் தள்ளி, அன்று கிராமமாக இருந்த ஸ்ட்ரெதமில் அவர் எழுப்பிய ஆலையில் இத்தறிகள் நிறுவப்பட்டன.

இதில் ஒரு முரண் உண்டு. பிரிட்டன் தனது இயந்திரங்கள் அயல்நாடுகளுக்குச் செல்வதைச் சட்டத்தின் மூலம் தடுத்துவந்த காலம் அது. கைவினைஞர்கள் நாட்டைவிட்டு வெளியேறுவதற்கிருந்த தடை 1824 இலும், இயந்திர ஏற்றுமதி மீதான தடை 1843 இலும்தான் நீக்கப்பட்டன. தன் நுட்பத்தைப் பூட்டி வைத்த நாடு, அடுத்தவர் நுட்பத்தை மறைமுகமாகப் பெற்றுக்கொண்டது. பிரான்ஸில் பொதுச் சொத்தாக இருந்த சாதனம் பிரிட்டனில் தனியார் காப்புரிமைக்கு உள்ளானது.

கூலிச் சட்டங்களை நீக்கக் கோரி நாடாளுமன்றத்தில் பேசியவர்களில் பொருளாதார அறிஞர் டேவிட் ரிக்கார்டோவும் ஒருவர். ஆனால் அவரே 1821 இல் தன் புகழ்பெற்ற நூலின் மூன்றாம் பதிப்பில் இயந்திரங்கள் பற்றிய புதிய அத்தியாயம் ஒன்றைச் சேர்த்தார். இயந்திரங்கள் எல்லாத் தரப்பினருக்கும் நன்மையே செய்யும் என்ற தனது முந்தைய கருத்தை அதில் மாற்றிக்கொண்டு, தொழிலாளர் நலனை அவை பாதிக்கவும் கூடும் என்று ஏற்றுக்கொண்டார்.

1824 இல் கூலிச் சட்டங்கள் நீக்கப்பட்டன. 1826 இல் இறக்குமதித் தடையும் அகன்றது. ஜக்கார் தறிகள் பெருகின. கவென்ட்ரியின் நாடாத் தொழிலிலும், கிடர்மின்ஸ்டரின் கம்பள ஆலைகளிலும், ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரிலும் அவை புகுந்தன. ஆனால் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்களின் கூலி சரிந்தது. 1860 இல் பிரான்ஸுடன் செய்யப்பட்ட வர்த்தக உடன்பாட்டுக்குப் பின் பிரிட்டிஷ் பட்டு நெசவின் பெரும்பகுதி அழிந்தது. இயந்திரத்தை ஏற்றுக்கொண்டதால் மட்டும் அத்தொழில் காப்பாற்றப்படவில்லை.

ஸ்ட்ரெதம் ஆலையும் பட்டை விட்டு ரப்பர் பொருட்களுக்கு மாறியது. பி.பி. கௌ என்ற நிறுவனம் 20 ஆம் நூற்றாண்டு வரை அங்கு இயங்கியது.

கிளர்ச்சியும் மரணமும்

ஜக்கார் தன் இறுதி ஆண்டுகளை லியோனை அடுத்த ஊலான் கிராமத்தில் ஓய்வூதியத்துடன் கழித்தார். 1819 இல் பிரான்ஸின் லெஜியோன் தொனேர் விருது அவருக்கு வழங்கப்பட்டது.

அதே ஆண்டுகளில் லியோனின் குரோவா ரூஸ் குன்று நெசவாளர் குடியிருப்பாக மாறியது. உயரமான ஜக்கார் தறிகளை நிறுத்துவதற்காக ஏறத்தாழ 4 மீட்டர் உயரக் கூரைகளுடன் வீடுகள் கட்டப்பட்டன. அவை இன்றும் அங்கு உள்ளன.

1831 நவம்பரில் அந்த நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்தனர். இது இயந்திரத்துக்கு எதிரான கிளர்ச்சி என்று தவறாகக் கூறப்படுவது உண்டு. உண்மையில் தலைமை நெசவாளர்கள் ஜக்கார் தறிகளின் சொந்தக்காரர்கள். வணிகர்கள் அவர்களுக்கு நூலும் வடிவமும் தந்து, நெய்த துணிக்கு விலை கொடுத்தனர். அந்த விலைக்குக் குறைந்தபட்ச அளவு வேண்டும் என்பதே கோரிக்கை. மாவட்ட நிர்வாகியின் முன்னிலையில் இணக்கம் கண்ட விலைப்பட்டியலை வணிகர்களில் ஒரு பகுதியினர் ஏற்க மறுத்ததையடுத்து மோதல் வெடித்தது. சில நாட்கள் நகரமே நெசவாளர் வசம் இருந்தது. பின்னர் படை வந்து நகரைக் கைப்பற்றியது. விலைப்பட்டியல் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது.

1834 ஏப்ரலில் இரண்டாவது கிளர்ச்சி நடந்தது. இம்முறை இராணுவம் பீரங்கிகளுடன் அதை ஒடுக்கியது. இரு கிளர்ச்சிகளிலும் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டனர் அல்லது காயமடைந்தனர்.

அந்த ஒடுக்குமுறை நடந்து நான்கு மாதங்களில், 1834 ஆகஸ்ட் 7 ஆம் தேதி, ஜக்கார் ஊலானில் காலமானார். அவருக்கு வயது 82. 1840 இல் லியோன் நகரம் அவருக்குச் சிலை எழுப்பியது.

அதற்கு முந்தைய ஆண்டு, ஏறத்தாழ 24,000 அட்டைகளைப் பயன்படுத்தி அவரது உருவப்படமே பட்டில் நெய்யப்பட்டது. ஓவியம் என்று கண்கள் ஏமாறும் அளவுக்கு நுணுக்கமான அந்தப் படத்தின் ஒரு பிரதியை ஆங்கிலேயக் கணிதவியலாளர் சார்ல்ஸ் பாபேஜ் வாங்கி வைத்திருந்தார். தான் வடிவமைத்த பகுப்பாய்வு இயந்திரத்துக்குக் கட்டளைகள் தர ஜக்காரின் அட்டைகளையே அவர் தேர்ந்தெடுத்தார். 1843 இல் அந்த இயந்திரம் பற்றி எழுதிய ஏடா லவ்லேஸ் அதன் வேலையை ஜக்கார் தறியின் நெசவுடன் ஒப்பிட்டார்.

கீழ்த்திசைப் பயணம்

ஆசியாவுக்கு ஜக்காரின் சாதனம் வந்து சேர்ந்த விதங்கள் நாட்டுக்கு நாடு வேறுபட்டன.

ஜப்பானில் 1868 இல் தலைநகரம் டோக்கியோவுக்கு மாறியதால் கியோட்டோவின் நிஷிஜின் பட்டு நெசவு நலிந்தது. கியோட்டோ நிர்வாகம் 1872 இல் மூன்று பேரை லியோனுக்கு அனுப்பியது. அவர்களில் ஒருவர் திரும்பும் வழியில் ஜப்பானியக் கரையருகே நேர்ந்த கப்பல் விபத்தில் உயிரிழந்தார். வந்து சேர்ந்த தறியைப் பார்த்து உள்ளூர்த் தச்சர் ஒருவர் சில ஆண்டுகளிலேயே மரத்தால் ஆன ஜப்பானியப் பதிப்பைச் செய்தார். ஆளை அனுப்பி, கற்று, தன் ஊரிலேயே செய்துகொள்ளும் இந்த முறை ஜப்பானின் பிற்காலத் தொழில் வளர்ச்சியின் முன்மாதிரி. சாகிச்சி டொயோடாவின் தானியங்கித் தறி நிறுவனத்திலிருந்தே டொயோட்டா கார் நிறுவனம் பிறந்தது என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

இந்தியாவின் அனுபவம் வேறானது. முதலில் வந்தது போட்டி. காஷ்மீரின் கைநெசவுச் சால்வைகளைப் பார்த்து பெய்ஸ்லியிலும் பிரான்ஸிலும் ஜக்கார் தறிகளில் நகல்கள் நெய்யப்பட்டன. நகல்கள் மலிந்ததும், 1870க்குப் பின் ஐரோப்பிய நாகரிகம் மாறியதும் காஷ்மீரச் சால்வை வணிகத்தை வீழ்த்தின. மாங்காய் வடிவத்துக்கு மேற்குலகில் ஸ்காட்லாந்து நகரின் பெயரே நிலைத்துவிட்டது.

சாதனம் இந்தியத் தறிகளுக்குப் பரவலாக வந்தது 20 ஆம் நூற்றாண்டில்தான். காஞ்சிபுரத்தில் அதற்கு முன்னர் அடை எனப்படும் நூல் அமைப்பின் உதவியால் சரிகைக் கரைகளும் முந்தானைகளும் நெய்யப்பட்டன. அங்கும் தறியின் அருகே உதவிக்கு ஒரு சிறுவர் இருந்தார். ஜக்கார்டு பெட்டி வந்தபின் அடை வழக்கொழியத் தொடங்கியது. வடிவத்தை வரைபடத் தாளில் எழுதி, அதற்கேற்ப அட்டை அடிப்பது தனித் தொழிலாகவே வளர்ந்தது.

ஆனால் காஞ்சிபுரத்தில் சிறுவர்கள் தறியை விட்டுப் போய்விடவில்லை. உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமும் கொண்ட கோர்வைச் சேலையில் மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். மறுபக்கத்திலிருந்து கரை நாடாவைப் போட இரண்டாவது ஆள் தேவை. இந்த வேலைக்கு அமர்த்தப்பட்ட பிள்ளைகளும், அவர்களின் பெற்றோர் வாங்கிய முன்பணக் கடனும் 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் மனித உரிமை அமைப்புகளின் கவனத்தை ஈர்த்தன. லியோனின் சிறுவர்களை விடுவித்த அதே சாதனம் காஞ்சிபுரத்தின் சிறுவர்களை விடுவிக்கப் போதவில்லை. பள்ளிகளும், சட்ட அமலாக்கமும், கடனிலிருந்து விடுதலையும் அதற்குத் தேவைப்பட்டன.

கைத்தறியைக் காக்க இந்திய அரசு 1985 இல் ஒதுக்கீட்டுச் சட்டம் இயற்றியது. சில வகைத் துணிகளை விசைத்தறியில் நெய்யக் கூடாது என்பது அதன் சாரம். ஆயினும் கைத்தறித் தொழிலாளர்களின் எண்ணிக்கை 2009-10 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 43 லட்சமாக இருந்து, 2019-20 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 35 லட்சமாகக் குறைந்தது. இவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள்.

அட்டையிலிருந்து ரோபோவுக்கு

துளை அட்டை தறியோடு நிற்கவில்லை. 1890 இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹோலரித் துளையிட்ட அட்டைகளைப் பயன்படுத்தினார். அவரது நிறுவனம் பின்னர் வேறு நிறுவனங்களுடன் இணைந்து, 1924 இல் ஐபிஎம் என்ற பெயரைப் பெற்றது.

1954 இல் ஜார்ஜ் டெவல் என்ற அமெரிக்கர், கட்டளைகளை நினைவில் வைத்துப் பொருட்களை இடம்மாற்றும் இயந்திரக் கைக்குக் காப்புரிமை கோரினார். யூனிமேட் எனப் பெயரிடப்பட்ட அந்தத் தொழில்துறை ரோபோ, 1961 இல் ஜெனரல் மோட்டார்ஸின் நியூஜெர்சி ஆலையில் வேலையைத் தொடங்கியது. 1969 இல் ஜப்பானின் கவசாகி நிறுவனம் உரிமம் பெற்று அதைத் தயாரிக்க ஆரம்பித்தது. நிஷிஜின் வழி மீண்டும் தொடர்ந்தது.

சர்வதேச ரோபோ கூட்டமைப்பின் கணக்குப்படி, 2023 இல் உலகெங்கும் ஏறத்தாழ 5 லட்சத்து 41 ஆயிரம் தொழில்துறை ரோபோக்கள் புதிதாக நிறுவப்பட்டன. அவற்றில் பாதிக்கு மேல் சீனாவில். பத்தாயிரம் தொழிலாளர்களுக்கு எத்தனை ரோபோக்கள் என்ற அளவில் தென்கொரியா 1,012 உடன் முதலிடத்திலும், சிங்கப்பூர் 770 உடன் அடுத்த இடத்திலும் இருந்தன. உலகச் சராசரி 162. அந்த ஆண்டு இந்தியாவில் நிறுவப்பட்டவை 8,510. சரக்குக் கிடங்குகளிலும் விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் பயன்படும் சேவை ரோபோக்களின் விற்பனையும் அதே ஆண்டில் 2 லட்சத்தைத் தாண்டியது.

இந்த வேறுபாடுகளை விளக்க ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்கள் பல. கூலியின் அளவு, முதியோர் தொகையின் பெருக்கம், கார் மற்றும் மின்னணு ஆலைகளின் செறிவு, அரசின் மானியம், மூலதனம் கிடைக்கும் வசதி ஆகியன அவற்றில் அடங்கும். தமிழ்நாட்டின் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரக் கார் ஆலைகளில் ரோபோக்கள் பற்றவைப்பு வேலை செய்ய, அங்கிருந்து வெகுதூரமில்லாத காஞ்சிபுரத்தில் குழித்தறிகள் இயங்குவதும் இதே காரணங்களின் விளைவுதான்.

ஜக்காரின் தறி பரவிய வரலாறு இந்தப் பட்டியலில் மேலும் ஒன்றைச் சேர்க்கிறது. லியோனில் அரசு உரிமையை வாங்கிப் பொதுவாக்கியது. லண்டனில் காப்புரிமையும் சட்ட நீக்கமும் வழிவிட்டன. கியோட்டோவில் நகர நிர்வாகம் ஆட்களை அனுப்பிக் கற்க வைத்தது. காஞ்சிபுரத்தில் அட்டை அடிப்பவரும் தச்சரும் நெசவாளரும் தங்களுக்கு ஏற்றபடி அதை இணக்கிக்கொண்டனர். இயந்திரம் ஒன்றுதான். ஆனால் அதனால் கிடைத்த வருமானம் எப்படிப் பங்கிடப்பட்டது என்பதை ஒவ்வோர் ஊரிலும் கூலி ஏற்பாடும் சட்டமும் சந்தையுமே முடிவு செய்தன.

1831 இல் லியோன் நெசவாளர்கள் கேட்டது, புதிய தறியில் நெய்த துணிக்கு வாழப் போதுமான விலை. ரோபோக்கள் பெருகிவரும் நாடுகளில் தொழிற்சங்கங்கள் இன்று ஊதியம், வேலை நேரம், மறுபயிற்சி ஆகியவை குறித்து நடத்தும் பேச்சுவார்த்தைகளில் அதே கோரிக்கையே வேறு வடிவில் முன்வைக்கப்படுகிறது.